எக்ஸ்பிரஸின் தலையில் கொஞ்சம் கரண்ட்

அந்த ஓட்டலில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற இடத்தில் எங்கேயாவது எழுதியிருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிற ஓட்டல். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனுக்குப் பொறுமை ஏது? உட்காரும்போதே ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் வாசலில். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவில், இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, வலது கையில் காபி டிரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் சக்கரம் கட்டியவர் மாதிரி அவர் போய்வந்துகொண்டே இருப்பார். தம்ளர் கழுவுகிற வேலையில் சேர்ந்தவர், ஹாலுக்கு வந்து, ஹாலிலேயே தலை நரைத்தவர். ஆர்டரை எழுதிக்கொள்கிற பழக்கம் கிடையாது. ஒன்பது டேபிளும் மண்டைக்குள்ளேயே இருக்கும். ஆளை வைத்து ஞாபகம் வைத்தால் ஆள் இடம் மாறி உட்கார்ந்துவிடுவான், டேபிள் எங்கே எழுந்து போகப்போகிறது என்பார். அதனால் டேபிள் டேபிளாகத்தான் அடுக்கி வைப்பார். ஒன்றாம் டேபிளுக்கு ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை. நாலாம் டேபிளுக்கு சூப், மிளகு தூக்கலாக. அப்படியே வரிசை.

இன்னொன்றும் உண்டு. வந்து உட்கார்ந்தவர் முகம் வாடக்கூடாது. சூப் தீர்ந்துபோயிருந்தால்கூடத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். "அதை விடுங்க, உங்களுக்கு வேற ஒண்ணு கொண்டாறேன், சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்று உள்ளே ஓடிவிடுவார். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிற வித்தை அது. இந்த வித்தைதான் பின்னால் அவரைக் குப்புறத் தள்ளியது.

ஒரு மத்தியானம். ஹால் நிரம்பி வழிகிறது. தோள்வரைக்கும் தட்டு. பின்னாலிருந்து யாரோ, "பெரியவரே, கை கழுவற இடம் எங்க?" என்று கேட்டார். இவ்வளவுதான் கேள்வி. பதில் சொல்ல எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தார். கால் நின்றுவிட்டது. கால் நின்ற விஷயம் உடம்புக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு முன்னால் போயிற்று. அடுத்த நிமிஷம் தட்டெல்லாம் தரையில். சூப் மட்டும் தரைக்குப் போகாமல், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கிளம்பியிருந்த ஓர் ஆளின் மடிக்குப் போயிற்று. அவர் கத்திய கத்தலில் பஸ் டிரைவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பழைய முதலாளியின் மகன் இவர். எக்ஸ்பிரஸை சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தவர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் கணக்காகப் பேசுகிறவர்.

"இது ரெண்டாவது தடவை சித்தப்பா. போன தடவை வெறும் தட்டு. இந்தத் தடவை ஆளு."

"தரை ஈரம், முதலாளி."

"தரை காஞ்சு கெடந்துச்சு. நானே பார்த்தேன். நாளைக்கு ஒரு குழந்தை மேல கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? பார்சல் மேஜைக்கு வந்துடுங்க. உக்கார்ந்து கட்டிக் குடுங்க, போதும்."

"அதுக்கு என்னை வீட்டுக்கே அனுப்பிடலாமே தம்பி."

கோபம் வந்தால் முதலாளி தம்பியாகிவிடுவார். தம்பியும் கொஞ்சம் இறங்கி வந்தார். "டாக்டர்கிட்ட காட்டுங்க. சரியாயிடுச்சுன்னு அங்கேருந்து ஒரு வார்த்தை வரட்டும். அன்னிக்கே ஹாலுக்கு வாங்க, நான் தடுக்கல."

பார்சல் மேஜை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு மூலையில் இருந்தது. ஒரு ஸ்டூல், ஒரு கட்டு பை, ரப்பர் பேண்ட் டப்பா. எக்ஸ்பிரஸ் அந்த ஸ்டூலில் முள் மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். கை பொட்டலத்தில், காது ஹாலில். புதிதாக வந்த சர்வர் ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, எழுதியதைத் தேடி, தேடியதைத் திரும்பக் கேட்டு, அதற்குள் காபி ஆறிப்போகும். "மூணாம் டேபிள்ல சூப் கேட்டு எவ்வளவு நேரமாச்சுய்யா!" என்று மூலையிலிருந்து ஒரு கத்தல் வரும். பாதிக் கட்டின பார்சல் உருண்டு ஓடும். பைக்குள் கரண்டி வைக்க மறந்துவிடும். அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தே ஓய்வு பெற்றவள். இவர் விழுவதற்கு முன்பே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். அந்தக் காலத்தில் மாமியார், நாத்தனார், மச்சினர் என்று வீடு நிறைய ஆட்கள். புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேச வீட்டில் ஓர் அடி இடம் கிடையாது. வேலை விட்டு வருகிற வழியில் ரோட்டில் பேசிக்கொண்டு நடப்பார்கள். நல்லது, கெட்டது, கடன், பெண் கல்யாணம், எல்லாம் ரோட்டில் முடிவானதுதான். வீடு காலியான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் சமீபமாக, நடக்கும்போது அவள் ஏதாவது கேட்டால் அவர் நின்றுவிடுகிறார். நின்று, யோசித்து, பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி. இரண்டு முறை தடுமாறி இவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் ரோட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்ட ஜோடி மாதிரி உம்மென்று கூட நடந்து வருவாள். அக்கம்பக்கத்தார் ஜாடையாகக் கேட்டதற்கு, "நான் வாயைத் திறந்தா இவரு கால் நின்னுடுது, என்னத்தப் பண்றது" என்று சிரித்து மழுப்பினாள்.

டாக்டர் காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தலையைப் படம் எடுத்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். இளவயதில் நடை தானாக நடக்கும், வயதானால் நடப்பதற்கும் மூளை கவனம் கொடுத்தாக வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் யோசிக்கிற வேலையும் சேர்ந்துகொண்டால் இரண்டில் ஒன்று விட்டுப்போகும். சிலருக்கு இது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றார். மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நெற்றிப் பக்கம் லேசாகக் கரண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். நடையும் யோசனையும் சேர்ந்து தேறுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. விருப்பம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

கரண்ட் என்றதும் மனைவி அவர் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். எக்ஸ்பிரஸுக்கோ காதில் விழுந்ததெல்லாம் தேறும் என்கிற ஒரே வார்த்தை. கேள்விக்குறியை அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

கல்லூரியில் அந்த அறை ஒரு நீள வராந்தாவின் கோடியில் இருந்தது. உள்ளே தரையில் நேர்க்கோடாக நீல டேப் ஒட்டியிருந்தார்கள். அங்கே இருந்தது ஓர் இளம்பெண். டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எக்ஸ்பிரஸ் முதல் நாளே அவளை டாக்டரம்மா ஆக்கிவிட்டார். "இன்னும் ஆகலைங்க ஐயா" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, ரப்பர் பட்டை போட்டு இறுக்கினாள். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து இரண்டு வயர். காதோரம் தண்ணீர் சொட்டியது.

"ஐயா, நல்லா கேட்டுக்குங்க. கொஞ்சம் பேருக்கு நிஜமான கரண்ட். கொஞ்சம் பேருக்கு ஆரம்பத்துல லேசா வந்துட்டு நின்னுடும், அப்புறம் வெறும் தொப்பிதான். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி முழுசா முடிஞ்சப்புறம்தான் பிரிச்சுப் பார்ப்போம்."

"உங்களுக்கே தெரியாதா? என்னம்மா இது, சமையக்காரருக்கே தெரியாம சாப்பாடு போடற மாதிரி இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?"

எக்ஸ்பிரஸ் அவள் முகத்தைப் பார்த்தார். "இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

"உங்களுக்கு எப்படி இருக்கோ அதைச் சொல்லுங்க ஐயா."

"இருக்குன்னே வச்சுக்கலாம்" என்றார்.

அதற்கு முன்பே அன்றைக்கு ஒரு சோதனை வைத்திருந்தாள். நீலக் கோட்டில் நடக்க வேண்டும், நடந்துகொண்டே மிருகங்களின் பெயரைச் சொல்லவேண்டும். ப்பூ, இவ்வளவுதானா என்று ஆரம்பித்தார். நாய் வந்தது. பூனை வந்தது. மாடு வந்தது. அப்புறம் உலகத்தில் வேறு மிருகமே இல்லை. கால் நின்றுவிட்டது. நின்றதும் ஆடு வந்தது. அடி எடுத்து வைத்தால் ஆடு போய்விட்டது. அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு பல்லி. பல்லி மிருகமா இல்லையா என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த, நேரம் அளக்கிற கருவியை அமுக்கினாள். அவள் முகம் லேசாக வாடியதை எக்ஸ்பிரஸ் பார்த்துவிட்டார். ஒன்பது டேபிளை ஒற்றை மண்டையில் தாங்கினவருக்கு நாலு மிருகம் நிற்கவில்லை! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பரவால்ல ஐயா, இது ஆரம்பம்தானே. ஆனா ஒண்ணு, வீட்டுல இதைப் பழகிப் பார்க்காதீங்க. அப்படிப் பண்ணினா கரண்டோட வேலையா, உங்க பழக்கமான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

"சேச்சே, நான் ஏம்மா பழகப்போறேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டார். மனுஷன் என்ன செய்வார், அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. மிருகங்களை டேபிளில் உட்காரவைத்தார்.

ஒன்றாம் டேபிள், குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்காருகிற பெரிய டேபிள். அங்கே யானை, எருமை, ஒட்டகம். ரெண்டாம் டேபிள், ஜன்னலோரம், காதலர்கள் வந்து உட்காருவது. முயல், அணில். மூன்றாம் டேபிளில் கல்லூரிப் பையன்கள் அடிக்கிற கூத்துக்குக் குரங்கைத் தவிர வேறு எது பொருந்தும்? நாலாம் டேபிளில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு காபிக்கு ஒரு காலையைக் கழிக்கிறவர் உண்டு. அங்கே ஆமை. ஐந்தாம் டேபிள் போலீஸ்காரர்களுடையது. சிங்கம், புலி, சிறுத்தை. ஆறாம் டேபிளில் முதலாளியின் மச்சான் வந்து பில் கட்டாமல் சாப்பிட்டுப் போவார். அங்கே நரி. இப்படியே ஒன்பது டேபிளும் நிரம்பிவிட்டது. உட்காரவைத்தபின் யோசிக்க என்ன இருக்கிறது? பார்சல் கட்டும்போது சொல்லிப் பார்த்தார். பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தார். சமையலறைக்கும் வாசலுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்து நடந்து சொல்லிப் பார்த்தார்.

"என்னங்க முணுமுணுப்பு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. பழைய ஆர்டர் ஏதோ ஞாபகம் வந்துச்சு."

நடுநடுவே கல்லூரிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வந்தார். நிஜக் கரண்டா, வெறும் தொப்பியா என்று அந்தப் பெட்டியையே முறைத்துப் பார்ப்பார். சில நாள் நடை லேசானது போல இருக்கும். சில நாள் வாசற்படியே தடுக்கும். இன்னொரு சோதனைக்கான நாள் வந்தது. நீலக் கோட்டில் காலை வைத்தார், ஹாலுக்குள் நுழைந்துவிட்டார். யானை எருமை ஒட்டகம் முயல் அணில் குரங்கு ஆமை சிங்கம் புலி சிறுத்தை நரி என்று மடை திறந்த மாதிரி கொட்டினார். கால் எங்கேயும் நிற்கவில்லை. கோட்டின் கடைசிக்குப் போய்த் திரும்பியே வந்துவிட்டார்.

"ஐயா!" அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டாள். ஆராய்ச்சி செய்கிறவள் அப்படித் தட்டக்கூடாதுதான். ஆனால் அவளும் மனுஷிதானே. "ஒரு இடத்துலகூட நிக்கலையே!"

எக்ஸ்பிரஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்கிறோம் என்று உள்ளே ஒரு குரல் முனகியது. இல்லை, கரண்டும் வேலை செய்திருக்கும் என்று அதன் வாயை அடைத்தார். அங்கேயே நின்று முதலாளிக்கு போன் போட்டு, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"நான் டாக்டர் இல்லீங்க, வேலைக்குப் போலாமான்னு நான் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தாள். "ஆமாங்க, இன்னிக்கு எடுத்ததுல நல்ல முன்னேற்றம் தெரியுது. ஆனா..."

ஆனா என்கிற வார்த்தை முடிவதற்குள் எக்ஸ்பிரஸ் போனைப் பிடுங்கிக்கொண்டார். "கேட்டீங்களா முதலாளி? முன்னேற்றம்! அவங்க வாயாலேயே!"

முதலாளிக்கும் ஆள் பற்றாக்குறை, அவரும் நல்ல சேதிக்குக் காத்திருந்தவர். "சரி சித்தப்பா, திங்கக்கிழமை வாங்க. காலையில மட்டும், கூட்டம் கம்மியா இருக்கறப்போ பார்ப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவனும் மனைவியும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எக்ஸ்பிரஸ் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். "சரியாயிடுச்சு, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, இனிமே நீ தாராளமா பேசு" என்றார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

எத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு! பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ராத்திரியெல்லாம் போடுகிற இரைச்சல், கூட வேலை செய்த ஒருத்தி கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டது, மூத்த மகள் போனில் பிடிகொடுக்காமல் பேசுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர் ம் கொட்டிக்கொண்டே நடந்தார். ம் கொட்டுவதற்கு மூளை தேவையில்லை. சிக்னல் விழுந்து ரோட்டைக் கடக்க இறங்கினார்கள்.

பாதி ரோட்டில் அவள் கேட்டாள். "சின்னவளுக்கு இந்தத் தடவை பிரசவத்துக்கு நாம அங்க போகணுமா, இல்ல அவளை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இது ம் கொட்டுகிற கேள்வி இல்லை. சின்னவளின் மாமியார் என்ன சொல்வார், வீட்டில் மாடிப்படி செங்குத்து, ஹாலில் லீவு கிடைக்குமா. எக்ஸ்பிரஸ் யோசித்தார். ரோட்டின் நடுவில் நின்று யோசித்தார். சிக்னல் மாறியதும் தெரியாது, வேன் வந்ததும் தெரியாது. அவர் சட்டையைப் பிடித்து மனைவி இழுத்த இழுப்பில் அவர் ஓரமாகப் போய் நின்றார். அவள் கால் இடறி, கையை ஊன்றி, நடைபாதைக் கல்லின் மேல் விழுந்தாள். வேன்காரன் திட்டிவிட்டுப் போனான். தக்காளி ரோடெல்லாம் ஓடியது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவள் இத்தனை வருஷம் விரிப்பு துவைத்துப் போட்ட அதே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எக்ஸ்பிரஸ் கட்டுப் போடுகிற அறைக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உட்காரச் சொன்ன நர்ஸிடம் எரிந்து விழுந்தார். உடனே மன்னிப்புக் கேட்டார். திரும்பவும் நடந்தார். உள்ளே அவள் வலியில் முனகியது கேட்டது. சே, நான் எல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொன்னார்.

திங்கட்கிழமை காலை அவர் ஹாலுக்குப் போகவில்லை. வீட்டில் கைமுறிவு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரே கல்லூரிக்குக் கிளம்பினார். "உங்களைத் தனியா ரோட்டுல விட்டுட்டு என்னால இங்க இருக்க முடியாது" என்று மனைவியும் கழுத்திலிருந்து தொங்கிய கட்டோடு கூடவே வந்தாள். வழிநெடுக அவள் வாயைத் திறக்கவில்லை. அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார்.

பஞ்சை நனைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. யானை எந்த டேபிள், நரி எந்த டேபிள் என்பது வரைக்கும் சொன்னார். நேற்று ரோட்டில் நடந்ததையும் ஒரு வரியில் சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல பழகாதீங்கன்னு சொன்னேனே ஐயா."

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

"அன்னிக்கு உங்க மொகம் வாடிப்போச்சும்மா. வந்தவங்களை மொகம் வாடி அனுப்பிப் பழக்கமில்ல எனக்கு. ஹாலும் வேணும்னு இருந்துச்சு, மறைக்கல."

"வந்தது நீங்க ஐயா. நான் இல்ல."

அவருக்குச் சுருக்கென்றது. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "எனக்கு வச்சது நிஜக் கரண்டாம்மா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் இனிமே பிரயோஜனம் இல்ல. உங்களுக்கு நிஜமாவே தேறிக்கிட்டு வந்திருக்கலாம். தேறாமலும் இருந்திருக்கலாம். நீங்க மனப்பாடம் பண்ணிட்டதால எது எதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. உங்களோடதை ஆராய்ச்சிக் கணக்குலேருந்து நான் எடுத்துத்தான் ஆகணும்." அவள் குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான்.

தேறிக்கொண்டு வந்திருக்கலாம்! எக்ஸ்பிரஸ் அந்த ஒரு வார்த்தையில் ஆடிப்போனார். இவ்வளவு நாள் தலையை நனைத்துக்கொண்டு வந்தாரே, அதில் ஏதாவது ஒட்டியிருந்தால் அதைத் தானே மூடி மறைத்துவிட்டாரே!

"ஒரே ஒரு தடவை வச்சுப் பாருங்கம்மா. உங்க ஆராய்ச்சிக்கு வேணாம். எனக்குத் தெரியணும். என் வீட்டுக்காரிக்குத் தெரியணும்."

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். "சரி. மிருகம் வேணாம். நேத்து நடந்ததை எனக்கு முழுசா சொல்லிக்கிட்டே நடங்க."

எக்ஸ்பிரஸ் நீலக் கோட்டில் காலை வைத்தார். "சாயங்காலம் காய்கறி வாங்கிட்டு வந்தோம்" என்றார், நடந்தார். "நான்தான் அவளைப் பேசச் சொன்னேன்" என்றார், நடந்தார். கொஞ்சம் வேகம் குறைந்தது, ஆனால் கால் போய்க்கொண்டிருந்தது. "பாதி ரோட்டுல ஒண்ணு கேட்டா. வேன் வந்திருக்கு, நான் பார்க்கல. என் சட்டையைப் பிடிச்சு..." என்றார். நின்றுவிட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெண் கருவியை அமுக்கவே இல்லை.

"நின்னுட்டேன்ல?" என்றார்.

"நின்னுட்டீங்க ஐயா. ஆனா அது எதனாலன்னு..."

"எதனாலயோ. ரோட்டுலயும் எதனாலயோதான் நிப்பேன். வேன்காரன் அதைக் கேக்க மாட்டான்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் மனைவி அப்படியே உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் அவள் முன்னால் நின்றார். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சமையக்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு அஞ்சாம் டேபிள் சிங்கம், ஆறாம் டேபிள் நரின்னா எனக்குக் காது கேக்காதா? எதுக்கோ மனப்பாடம் பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நீங்க வந்து சொன்னப்பவே எதுக்குன்னு புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ரோட்டுல பேசின?"

யாரோ ஒரு கிழவரை அவர் மகன் கைத்தாங்கலாக வராந்தாவில் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் கடந்து போகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்குங்க வாயைக் கட்டிக்கிட்டே கூட நடக்கறது? உங்களுக்கு ஹால் வேணும்னு இருந்துச்சு. எனக்குப் பேசணும்னு இருந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சும், அதை அப்படியே வச்சுக்கணும்போல ஆசையா இருந்துச்சு. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் எக்ஸ்பிரஸ் தாங்கியிருப்பார். இது நெஞ்சைப் பிசைந்தது.

"முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றார். "ஹாலுக்கு வரலைன்னு."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பே ஒரு சுற்று குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

"என்ன சொல்றது?"

"எத்தனை நாளா அடக்கி வச்சிருந்தியோ, அதெல்லாம்."

"இங்கேயா? எல்லாரும் போறாங்க வர்றாங்க."

"போகட்டுமே. நாம போகல."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூத்தவள் விஷயத்திலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர்கள் வீடு போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.